ஆவாரையை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது: விதையிலிருந்து வேலி வரை

தரிசில் யாரும் சீந்தாமல் தழைத்து நிற்கிற ஆவாரை, வீட்டுத் தோட்டத்துக்கு வந்ததும் ஒரே மாதத்தில் பட்டுப்போகிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்: வளர்ந்த செடியைப் பிடுங்கிவந்து நட்டிருப்பார்கள், குழி நிறைய எரு கொட்டியிருப்பார்கள், அல்லது ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மூன்றுமே அக்கறையால் செய்வதுதான். ஆனால் வறண்ட நிலத்துக்கென்றே அமைந்த வேர் இந்த மூன்றையும் தாங்காது.

ஆவாரைக்கு வேலை முழுவதும் நடவுக்கு முன்னும் முதல் ஒன்றரை வருடத்திலும்தான். அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் என்ன கெடும் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறது.

1. காலண்டரைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கும் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கும் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். கன்று நிலத்துக்குப் போக வேண்டிய நேரம் அதன் முதல் இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு.

கன்று நடவுக்குத் தயாராக 8 முதல் 10 வாரம் ஆகும். எனவே விதைப்பு ஆகஸ்ட் முதல் பாதியில், அதாவது ஆடிக் கடைசியில். விதை கையில் இருக்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே காய் பறித்து வைத்திருக்க வேண்டும். பலர் ஐப்பசி மழையைப் பார்த்தபிறகுதான் விதை தேடுகிறார்கள். அப்போது விதைத்த கன்று தை மாதம்தான் தயாராகும். அதை நட்டால் வேர் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் இந்தக் கணக்கை ஜூனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் ஐப்பசி நடவே பாதுகாப்பு, ஏனென்றால் அதன்பின் மூன்று நான்கு மாதம் வெயில் மிதமாக இருக்கும்.

2. அது ஆவாரைதானா என்று பாருங்கள்

மஞ்சள் பூ பூக்கும் எதையும் ஆவாரை என்று கொடுத்துவிடும் நர்சரிகள் உண்டு. கடையில் பூ இல்லாத கன்றைத்தான் பார்ப்பீர்கள் என்பதால் இலையை வைத்து அடையாளம் காணப் பழக வேண்டும்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரைக்கு அங்கே இரண்டு பக்கமும் காதுமடல் போன்ற அகன்ற பச்சை இலையடிச் செதில்கள் தண்டை ஒட்டி நிற்கும். இது வேறெதற்கும் இவ்வளவு தெளிவாக இருக்காது. அடுத்து, ஒரு கூட்டிலையில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் நடுநரம்பின்மேல் குச்சிபோல் ஒரு சின்னச் சுரப்பி நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

ஏமாற்றும் செடிகள் இவை:

- பொன்னாவாரை: சிற்றிலை பெரிது, நுனி கூர்மை, 4 அல்லது 5 ஜோடிதான். கசக்கினால் கெட்ட வாடை. கொஞ்ச நாளில் காய்ந்துபோகும் செடி, புதராக நிற்காது.
- தகரை: மூன்று ஜோடி சிற்றிலை, மழைக்கால ஓராண்டுச் செடி.
- சீமை அகத்தி: உள்ளங்கை அகல இலை, மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்த பூங்கொத்து.
- 'கேசியா' என்று மட்டும் பெயர் சொல்லி விற்கும் அலங்காரச் செடி: பூவும் இலையும் ஆவாரைபோலவே இருக்கும். ஆனால் அந்தக் காது போன்ற செதில் இருக்காது, மெல்லிய நூல்போல்தான் இருக்கும். சுரப்பியும் அடியிலுள்ள இரண்டு மூன்று ஜோடிகளுக்கு இடையில் மட்டும் இருக்கும்.
- தங்க அரளி: பூ மணி வடிவம், இலை விளிம்பு ரம்பப்பல். இதை ஆவாரை என்று சொல்லி விற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், விற்கிறார்கள்.

பூவைக் கஷாயத்துக்கோ குளியல் பொடிக்கோ பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

3. கையில் இருக்க வேண்டியவை

30 அடி நீள வேலிக்கு 3 அடிக்கு ஒன்று வீதம் 11 கன்று தேவை. சாவு போக நிற்க 16 பை போடுங்கள். பைக்கு இரண்டு விதை வீதம் 32 விதை, முளைக்காதவற்றையும் சேர்த்து 50 விதை எடுத்துக்கொள்ளலாம்.

பை உயரமாக இருக்க வேண்டும்: 6 அங்குல அகலம், 10 முதல் 12 அங்குல உயரம். சின்ன 4×6 பை வேண்டாம், காரணம் ஏழாம் படியில். செம்மண், ஆற்றுமணல் அல்லது கழுவிய எம்சாண்ட், ஒரு வருடம் மக்கிய தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, நகவெட்டி அல்லது உப்புத்தாள், பூவாளி, மூடாக்குக்கு ஒரு மூட்டை காய்ந்த சருகு. இவ்வளவுதான். வேர் ஊக்கி, வளர்ச்சி டானிக் எதுவும் வாங்காதீர்கள்.

4. இடம் தேர்வும் வடிகால் சோதனையும்

நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் விழ வேண்டும். மாமர நிழலில் ஆவாரை சாகாது. ஆனால் வெயிலைத் தேடி ஒல்லியாக நீண்டு, பூக்காமல் சாய்ந்து நிற்கும்.

அதைவிட முக்கியம் வடிகால். மழைக்கு முன்பே, ஆகஸ்டிலேயே இதைச் சோதித்துவிடுங்கள். ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது நான்கைந்து மணி நேரத்தில் இறங்கினால் நல்ல இடம். மறுநாள் காலையிலும் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே தரைமட்டத்தில் நடக் கூடாது. முதல் முறை ஊற்றுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்த மண் எதையும் உறிஞ்சும்.

வடியாத இடத்தில் ஒன்றரை அடி உயரம், மூன்று அடி அகலத்துக்கு மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். கரிசல் மண்ணில் இது கட்டாயம். 'கரிசக் காட்டில் ஆவாரை தானாக நிற்கிறதே' என்று கேட்பார்கள். எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: வரப்பு, ஓடைக் கரை, சரிவு. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருக்காது.

சரளை, செம்மண், சுண்ணாம்புக் கல் கலந்த மண், ஓரளவு உப்புத்தன்மை எல்லாம் பிரச்சினை இல்லை. மண்ணை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம்.

சுவரிலிருந்து 3 அடியாவது விடுங்கள். வாழை, புல்தரை, கீரைப் பாத்தி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றுக்கு ஊற்றும் தண்ணீர் இதன் வேருக்கு வந்துகொண்டே இருக்கும், நீங்கள் தனியாக ஒரு சொட்டுகூட ஊற்றாவிட்டாலும்.

5. விதை எடுப்பது

தட்டையான, காகிதம்போல் மெல்லிய காய்கள் பழுப்பாகிச் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்துக் காயவைத்த காயில் விதை சுருங்கிப்போகும். ஒரே செடியில் எல்லாவற்றையும் எடுக்காமல் நான்கைந்து செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு செடி வளராத மண்ணில் இன்னொன்றின் கன்று நிற்கும்.

காய்களை இரண்டு நாள் வெயிலில் போட்டு, கையால் கசக்கி, சுளகில் புடைத்தால் விதை தனியாக வந்துவிடும். இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றிருக்கிறது. ஓட்டையில்லாதவற்றிலும் சிலவற்றில் புழு இருக்கக்கூடும் என்பதால் தண்ணீரில் கொட்டி மிதப்பவற்றை ஒதுக்குங்கள். மூழ்கியதை நிழலில் உலர்த்தி, கொஞ்சம் சாம்பல் அல்லது காய்ந்த வேப்பிலையோடு மூடிவைத்தால் ஆடி வரை கெடாது.

6. விதைத்தோலை உடைப்பது

'நூறு விதை போட்டேன், மூன்றுதான் முளைத்தது' என்பவர்கள் இந்தப் படியைச் செய்யாதவர்கள். ஆவாரை விதையின் தோல் தண்ணீர் புகாத அளவு கெட்டி. காட்டில் இது நல்லது: ஒரு மழைக்கு எல்லாமும் முளைத்து அடுத்த வெயிலில் மொத்தமாக அழியாமல், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சும்மா ஊறவைப்பதால் பயனில்லை. இரண்டு நாள் ஊறினாலும் பெரும்பாலான விதை போட்டபடியே கிடக்கும்.

ஐம்பது விதைக்குள் என்றால் நகவெட்டியே போதும். விதையில் காம்பு ஒட்டியிருந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்கு எதிர்ப்பக்க விளிம்பில் தோலை மட்டும் சற்றே கிள்ளுங்கள். உள்ளிருக்கும் வெளிர்நிறப் பருப்பு புள்ளியளவு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். காம்புப் பக்கம் முளைக்குருத்து இருக்கிறது, அங்கே கை வைக்கக் கூடாது. நகவெட்டிக்குப் பதில் உப்புத்தாளில் அந்த விளிம்பைத் தேய்த்தாலும் சரிதான்.

அதிக விதைக்கு வெந்நீர் முறை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, விதையைப் போல் ஐந்து மடங்கு தண்ணீரை அதன்மேல் ஊற்றி, இரவு முழுவதும் தானாக ஆற விடுங்கள். அடுப்பிலேயே விதையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது சமையல், முளைக்காது.

காலையில் பார்த்தால் தண்ணீர் குடித்த விதை ஏறக்குறைய இரண்டு பங்கு உப்பியிருக்கும், தோல் வழவழப்பாக இருக்கும். உப்பாதவற்றைப் பொறுக்கி மறுபடி வெந்நீருக்கு அனுப்புங்கள், அல்லது கிள்ளுங்கள். உப்பியதை அன்றே விதைத்துவிட வேண்டும். காயவிட்டால் அந்த விதை அவ்வளவுதான்.

7. பையில் விதைப்பு

கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. 16 பைக்கு இதில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். தென்னை நார்க்கழிவைத் தவிர்த்துவிடுங்கள். மாடித் தோட்டத்தில் காய்கறிக்கு அது நன்மைதான், ஆனால் அதன் ஈரம் ஆவாரை நாற்றின் கழுத்தை அழுகவைக்கும்.

பையின் அடியிலும் பக்கவாட்டின் கீழ்ப்பாதியிலும் 8 முதல் 10 துளை வேண்டும். கலவையைத் தட்டித்தட்டி நிரப்பி முதல்நாளே தண்ணீர் விட்டு அமரவிடுங்கள். பைக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். அதற்குமேல் ஆழமாக ஊன்றினால் முளை மேலே வரத் திணறும்.

பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் மூன்றாவது இலை வந்ததும் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அறுந்து வரும்.

பை ஏன் உயரமாக வேண்டும் என்றால், இந்தச் செடி மேலே வளர்வதற்கு முன் கீழே வளர்கிறது. மேலே ஒரு சாண் இருக்கும்போதே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டிருக்கும். குட்டைப் பையில் அது வளைந்து சுருண்டுவிடும். சுருண்ட வேர் நிலத்தில் நட்ட பிறகும் நேராகாது. இரண்டாம் வருடக் காற்றில் செடி அடியோடு சாய்வதற்கும், வெயிலில் திடீரென்று காய்வதற்கும் இதுதான் காரணம்.

தண்டைக் குச்சியாக வெட்டி நட்டு வளர்க்க நினைப்பவர்களும் உண்டு. வேர் பிடிப்பது மிகக் குறைவு, பிடித்தாலும் ஆணிவேர் இருக்காது. விதையே வழி.

8. நாற்றைக் கடினப்படுத்துவது

முதல் மூன்று வாரம் காலையில் மட்டும் பூவாளியால் லேசாகத் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் மேல்மண் ஈரமாக இருந்து தண்டின் கழுத்து கறுத்து நாற்று மடிந்து விழும். அப்படி ஒன்று விழுந்தால் அந்தப் பையை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றுக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

மாலை மங்கியதும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக்கொள்ளும். வாடிவிட்டது என்று பயந்து இரவில் தண்ணீர் ஊற்றுபவர்கள் நிறைய. காலையில் விரிந்துவிட்டால் அது தூக்கம், வாட்டம் இல்லை. நண்பகலில் தொங்கினால்தான் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பைகளை வெறும் தரையில் வைக்காதீர்கள். அடித்துளை வழியே வேர் மண்ணுக்குள் போய்விடும், நடவு நாளில் தூக்கும்போது அறுந்துவிடும். இரண்டு செங்கல் வரிசைமேல் இடைவெளி விட்டு வையுங்கள். துளையைத் தாண்டிய வேர் நுனி காற்றில் காய்ந்து, உள்ளே பக்கவேர் கிளைக்கும்.

நான்காம் வாரத்திலிருந்து முழு வெயிலுக்கு மாற்றுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். கன்று 8 முதல் 12 அங்குலம் இருக்கும்போது நடத் தயார். மூன்று மாதத்துக்குமேல் பையில் வைத்திருக்க வேண்டாம். நர்சரியில் வாங்கினாலும் இடுப்புயரக் கன்றை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழிருப்பதை எடுங்கள்; உயரமானது மலிவாகத் தோன்றும், வேர் சுருண்டிருக்கும்.

9. குழியும் நடவும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். எடுத்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். அதில் கலப்பது 2 கிலோ மக்கிய எருவும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும்தான்; புண்ணாக்கு கரையானுக்காக.

குழி முழுக்க எருவும் மணலும் கொட்டினால் என்ன ஆகும்? சுற்றியிருக்கும் கெட்டி மண்ணுக்கு நடுவில் உங்கள் குழி ஒரு அண்டாபோல் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரும் வெளியே போகாமல் அதற்குள்ளேயே சுற்றும். முதல் வருடம் செழிப்பாகத் தெரியும். நீங்கள் தண்ணீரை நிறுத்தும் வருடம் பட்டுப்போகும்.

களிமண்ணில் மண்வெட்டி பட்ட குழிச்சுவர் பளபளவென்று இழைத்ததுபோல் ஆகிவிடும். கடப்பாரையால் நாலு பக்கமும் கீறிவிடுங்கள், வேர் புக வழி வேண்டும்.

மேகமூட்டமான நாளின் மாலையில் நடுங்கள். பையைப் பிளேடால் இரண்டு பக்கமும் கீறி உரியுங்கள்; கன்றைத் தண்டைப் பிடித்து உருவக் கூடாது. அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்த அரை அங்குலத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள்.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம். ஒரு அங்குலம் உயர்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஆழ்ந்துபோகக் கூடாது. தண்டின் மேல் மண் ஏறினால் பட்டை அழுகும். காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி, 10 லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். மண் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் போட்டு நிரவுங்கள்.

கன்றைச் சுற்றி 2 அடி விட்டத்தில் 3 அங்குல உயர வட்டப்பாத்தி. சரிவான நிலத்தில் பள்ளப் பக்கம் மட்டும் அரைவட்டம் போதும். உள்ளே 2 அல்லது 3 அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, ஆனால் தண்டைச் சுற்றி 3 அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். தண்டில் ஒட்டிய சருகு கரையானை நேராகப் பட்டைக்குக் கூட்டிவரும்.

நடவுக்குப் பின் கனமழை எச்சரிக்கை வந்தால் பாத்திக் கரையை ஒரு பக்கம் உடைத்துவிடுங்கள். மழை முடிந்து தை மாதம் மறுபடி கட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கார்த்திகையில் கன்று இழப்பவர்கள்தான் அதிகம்.

வேலிக்கு 3 அடிக்கு ஒன்று. அடர்த்தி வேண்டுமென்றால் 2 அடி இடைவெளியில் இரண்டாவது வரிசையை முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வையுங்கள். தனிச் செடி என்றால் சுற்றிலும் 5, 6 அடி விடுங்கள், குடைபோல் விரியும். வளர்ந்த ஆவாரையை ஆடு மாடு பெரிதாகச் சீண்டாது. இளங்கன்றை அப்படி நம்ப வேண்டாம், முதல் வருடம் முள் அடைப்பு வையுங்கள்.

10. தண்ணீர்: குறைத்துக்கொண்டே போகும் கணக்கு

மழை இல்லாத நாட்களுக்கான கணக்கு இது. மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

- முதல் இரண்டு வாரம்: 3 நாளுக்கு ஒருமுறை, 4 லிட்டர்.
- பிறகு பிப்ரவரி வரை: வாரம் ஒருமுறை, 8 முதல் 10 லிட்டர்.
- முதல் கோடை, மார்ச் முதல் ஜூன் வரை: 10 நாளுக்கு ஒருமுறை, 15 லிட்டர்.
- முதல் கோடைக்குப் பின் அடுத்த மழை வரை: 20 நாளுக்கு ஒருமுறை.
- இரண்டாம் கோடை: மாதம் ஒருமுறை, 20 லிட்டர்.
- அதற்குமேல்: எதுவும் இல்லை.

ஒவ்வொரு முறையும் அளவு கூடுவதையும் இடைவெளி நீள்வதையும் கவனியுங்கள். அதே தண்ணீரைத் தினம் அரை லிட்டராகப் பிரித்து ஊற்றினால் மேல் மூன்று அங்குலம் மட்டும் நனையும், வேரும் அங்கேயே தங்கிவிடும். ஆழமாக நனைத்துவிட்டு நன்றாகக் காயவிடும்போது வேர் ஈரத்தைத் தொடர்ந்து கீழே போகிறது. சொட்டுநீர் போட்டிருந்தால் ஆவாரைக்குத் தனி வால்வு வையுங்கள், முடியாவிட்டால் அந்தச் சொட்டுவானை அடைத்துவிட்டுக் குடத்தால் ஊற்றுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு பழைய சைக்கிள் கம்பியை மண்ணில் 6 அங்குலம் செருகி எடுங்கள். நுனியில் மண் ஒட்டி வந்தால் ஈரம் இருக்கிறது, ஊற்ற வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது வேரழுகலின் அடையாளம். அந்த நேரம் இன்னும் தண்ணீர் ஊற்றுவது பலருடைய முதல் வேலை. ஊற்றாமல், மூடாக்கை விலக்கி, பாத்தியை உடைத்து, மண்ணைக் காயவிடுங்கள். பாதிக்குப் பாதி பிழைக்கும்.

சித்திரை வெயிலில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்வது செடியின் சிக்கனம். நுனிக் குருத்து பச்சையாக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

11. கவாத்து

கன்று ஒன்றரை அடி தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிளைத்த கிளைகள் ஒரு அடி ஆனதும் அவற்றையும் ஒருமுறை கிள்ளலாம். இதை விட்டுவிட்டால் அடியில் வெறும் குச்சியும் உச்சியில் ஒரு கொத்து இலையுமாக நிற்கும், வேலிக்கு ஆகாது.

வளர்ந்த செடிக்கு மாசியில், பூ ஓய்ந்த பின், மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். விதை வேண்டுமானால் சில கிளைகளைக் காயோடு விட்டுவையுங்கள். ஆவணிக்குப் பிறகு கத்தரியை எடுக்காதீர்கள். புதுத் தளிரின் நுனியில்தான் பூங்கொத்து வருகிறது. புரட்டாசியில் வேலியை அழகாக மட்டம்தட்டினால் பொங்கல் காப்புக் கட்டுக்குப் பூவைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

வயதாகி அடி வெறிச்சோடிய செடியை ஆடியில், ஒரு மழை பெய்தபின், தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அதையே பங்குனியில் செய்தால் வெயிலில் தண்டு வெடித்துப் பட்டுப்போகலாம்.

12. உரம்

வருடம் ஒருமுறை, புரட்டாசியில், செடிக்கு 2 கிலோ மக்கிய எரு. முடிந்தது.

அவரைக் குடும்பம் என்பதால் தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா தங்கும் வேர்முடிச்சுகள் ஆவாரையில் இருப்பதில்லை. ஆனாலும் யூரியா தேவையில்லை: தழைச்சத்து கூடினால் கிளை நீண்டு மெத்தென்றாகும், பூ குறையும், அசுவினி வரும். கவாத்தில் விழும் தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். வயலுக்கே தழையுரமாகப் போட்டுவந்ததுதான்.

13. பூச்சியும் நோயும்

இலையில் பச்சைப் புழு இருந்தால் பெரும்பாலும் அது வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு. கொன்றை, ஆவாரை வகைகளில்தான் அது முட்டையிடும். ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டுக் கூட்டுப்புழுவாகிப் போய்விடும். செடி மறுபடி தழைக்கும். கன்று ஒரு அடிக்கும் குறைவாக இருந்தால் மட்டும் கையால் எடுத்து வளர்ந்த செடியில் விடுங்கள்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் குருத்தில் அடையும். முதலில் எறும்பு போகும் பாதையைப் பாருங்கள், எறும்பு இருந்தால் பூச்சி திரும்பத் திரும்ப வரும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி காதிசோப்புக் கரைசல், மாலையில். பூவிருக்கும் கிளையில் அடிக்காதீர்கள்.

மார்கழிப் பனியில் இலைமேல் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். உள்கிளைகள் சிலவற்றை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். வெயில் ஏறியதும் பெரும்பாலும் தானே அடங்கும்.

14. மாடியில் தொட்டியில் வைப்பதென்றால்

முடியும், ஆனால் நிலத்தில் நிற்பதுபோல் இருக்காது. 20 லிட்டர் பெயின்ட் வாளிக்குக் குறைந்தது வேண்டாம். அடியில் 8 துளை, அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில் சுற்றிலும் 6 துளை. கலவையில் மணலை இன்னொரு பங்கு கூட்டுங்கள். கீழே தட்டு வைக்கக் கூடாது. கோடையில் 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தேவைப்படும். வேர் போக இடமில்லாத இடத்தில் வறட்சியைத் தாங்கும் குணம் வேலை செய்யாது. 3, 4 அடிக்குமேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.

15. பூ பறிப்பதும் அடுத்த கன்றுகளும்

விதையிலிருந்து வந்த செடி நல்ல வெயிலில் இரண்டாம் மழைக்காலத்தில் பூக்கத் தொடங்கும். காலை வெயில் ஏறுவதற்குள், விரிந்த பூவை மட்டும் பறியுங்கள். மொட்டோடு கொத்தாக ஒடித்தால் அடுத்த பத்து நாள் பூ போச்சு.

பாதியை விட்டுவையுங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. பெரிய கரிய தச்சுத் தேனீ மகரந்தத்துக்காக வந்து, பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கிறது. அது வராமல் போனால் காய் பிடிப்பது குறையும், விதையும் இருக்காது.

பறித்ததை ஒரே அடுக்காகத் துணியில் பரப்பி நிழலில் 4, 5 நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். சற்று மெத்தென்று இருக்கும்போதே மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தினமும் குடிக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வருடத்திலிருந்து தாய்ச் செடியடியில் மழைக்குக் கன்றுகள் தானாக முளைக்கும். அவற்றை இடம் மாற்ற வேண்டுமானால் இரண்டு அல்லது மூன்று இலை இருக்கும்போதே, மண் நனைந்திருக்கும் நாளில், ஒரு சாண் ஆழம் மண்ணோடு கொத்தி எடுத்துப் பையில் வையுங்கள். ஒரு சாணுக்குமேல் வளர்ந்துவிட்டதை அங்கேயே விட்டுவிடுங்கள், அல்லது வெட்டி மூடாக்கில் சேர்த்துவிடுங்கள்.